முன்னால் போட்ட ஒன்று

ஜனவரி 7, ஞாயிறு

இன்றும் கேட்டார்கள். "உங்க தீம் என்னங்க?"

மாதத்தின் முதல் ஞாயிறு, ஈரோட்டில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் மாடியில், பழைய கிரிக்கெட் கார்டு சேர்ப்பவர்கள் கூடுகிறார்கள். தொண்ணூறுகளில் பபிள்கம் வாங்கினால் கூடவே வந்த கார்டுகள். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவருடைய ரன், விக்கெட், அதிகபட்ச ஸ்கோர். நான் பிறக்கும்போது அந்தப் பபிள்கம்மே கடைகளில் இல்லை. ஆனாலும் எனக்குப் பிடிக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதுதான் பிரச்சினை.

அங்கே எல்லோருக்கும் ஒரு தீம் உண்டு. மொபைல் கடை வைத்திருக்கும் ஷாநவாஸ் அண்ணன் இடதுகை ஆட்டக்காரர்களை மட்டும் சேர்க்கிறார். பல் டாக்டர் ஒருவர் விக்கெட் கீப்பர்களை மட்டும். செயலாளர் தண்டபாணி சார் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருடைய தீம் "கையே படாத கார்டு." வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் எடுத்துக் காட்டுவார். என்னிடம் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி நிறையக் கார்டுகள் இருக்கின்றன. எல்லா நாடும், எல்லாக் கையும்.

"எல்லாமும் சேக்கறேன் சார்" என்றேன்.

"எல்லாமும் சேத்தா அதுக்குப் பேரு கலெக்‌ஷன் இல்ல கண்ணு" என்றார் தண்டபாணி சார். "குப்பை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இதை எழுதும்போது, அவர் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் எரிகிறது.

திரும்பும்போது பஸ் நிறுத்தம் வரை ஷாநவாஸ் அண்ணனும் வந்தார். எதிரே அப்பாவின் டிவிஎஸ் வந்தது, பின்னால் மூட்டையோடு. அப்போது நான் ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 10, புதன்

நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் டோக்கன் கூப்பிட்டபோது ஒரு அம்மா வந்து மேசையைத் தட்டினார். "வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கற? சத்தமாக் கூப்புடு." பிஎஸ்சி கணிதம் முதல் வகுப்பு. வேலை, பெயர் கூப்பிடுவது. அதுவும் வரவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

தீம் தேடினேன். வேகப்பந்து வீச்சாளர்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என்று காலையிலிருந்து பிரித்தேன். ஒரு பக்கம் உயரமானவர்கள் எல்லோரும் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க அலுப்பாக இருந்தது. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவது மாதிரி.

அம்மா எட்டிப் பார்த்து, "ஏண்டி, துணி மடிக்கச் சொன்னா படம் மடிச்சுக்கிட்டிருக்க" என்றார். துணி மடித்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

"ஃபாஸ்ட் பவுலர்ஸ்" என்று சொல்லிவிட்டேன்.

பல் டாக்டர் கேட்டார்: "எந்த வருசம் வரைக்கும்? ஆல்ரவுண்டர் வந்தா சேப்பீங்களா?"

தண்டபாணி சார் எனக்காகப் பதில் சொன்னார். "பொண்ணுகளுக்கு ஃபாஸ்ட் பவுலர்னா ஒரு இது. நல்லா ஹைட்டா இருப்பானுக பாருங்க." பின் என் பக்கம் திரும்பி, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் அம்மிணி. முகத்த அப்படி வெச்சுக்காத" என்றார்.

என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அதைச் சரிசெய்தேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

அப்பா பழைய பேப்பர், இரும்பு எடுக்கிறார். சங்கத்தில் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. மூட்டையில் கார்டு எது கிடைத்தாலும் தனியாகச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவருவார். பெட்டியில் இருப்பதில் பாதி அப்படி வந்தது.

இன்று கொண்டுவந்தது ஒரு கட்டு. ரப்பர் பேண்டு உருகி மேல் கார்டோடு ஒட்டியிருந்தது. பின்னால் திருப்பினேன். அதிகபட்ச ஸ்கோர் 64. அந்த 64-க்கு முன்னால் யாரோ பேனாவால் ஒரு ஒன்று போட்டிருந்தார்கள். 164.

கெட்டுப்போன கார்டு என்று ஒதுக்கப் போனேன். ஒதுக்குமிடத்தில் ஏற்கெனவே எத்தனை கிடக்கின்றன என்று அப்போதுதான் பார்த்தேன். பெட்டியின் அடியில் நானே தள்ளி வைத்தவை. ஒன்றில் 38 என்பது 88 ஆகியிருக்கிறது. இன்னொன்றில் விக்கெட் 0-வுக்கு முன்னால் ஒரு 3. ஒருவன் புள்ளியையே நகர்த்தியிருக்கிறான், சராசரி 31.20 என்பது 312.0.

இந்தக் கார்டுகளை வைத்துப் பிள்ளைகள் ஆடிய விளையாட்டு அப்படி. ஆளுக்கொரு கார்டை மேலே வைத்துக்கொண்டு ஒருவன் "ஹைஸ்கோர்!" என்பான். இருவரும் திருப்புவார்கள். பெரிய எண் உள்ளவன் இரண்டையும் எடுத்துக்கொள்வான். நல்ல கார்டு வந்தவனுக்குக் கவலை இல்லை. கெட்ட கார்டு வந்தவன் பேனா எடுக்கிறான்.

கட்டின் நடுவில் ராசாத்தி இருந்தாள்.

ஐந்து கார்டுகளில், ஆங்கிலத்தில் அச்சடித்த பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, தமிழில் "வெ. ராசாத்தி, 6-ஆ" என்று எழுதியிருக்கிறாள். பிறந்த ஊர், கருங்கல்பாளையம். ஒரு கார்டில் அவள் மட்டையாளர், இன்னொன்றில் கீப்பர். வலதுகை என்று இருந்த இடத்தில் "ரெண்டு கையும்." மீசை வைத்த ஒரு வீச்சாளருக்கு நெற்றியில் பொட்டும் தோளில் இரட்டைச் சடையும் போட்டிருக்கிறாள். அவர் அதே முறைப்போடு பந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நான் சத்தமாகச் சிரித்தேன். அம்மா பயந்து வந்து பார்த்தார்.

"இது எங்கெப்பா கெடச்சுது?"

"கருங்கல்பாளையத்துல ஒரு ஊடு பாப்பா. ஒரு பெரியம்மா. 'புள்ளயத்தான் கட்டிக் குடுத்தாச்சே, இத எதுக்கு வெச்சுக்கிட்டு'ன்னு நோட்டோட சேத்துப் போட்டுச்சு."

எனக்குத் தீம் கிடைத்துவிட்டது. விளையாடியவர்கள் கை வைத்த கார்டுகள். அது மட்டும்தான். வேறு எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஷாநவாஸ் அண்ணன் கடைக்குப் போய் என்னுடைய நல்ல இடதுகைக் கார்டுகளையெல்லாம் கொடுத்து, அவர் தூக்கிப் போட வைத்திருந்த கிறுக்கல் கார்டுகளை வாங்கிக்கொண்டேன்.

"சிஸ்டர், உங்களுக்கு நெஜமாலுமே ஒண்ணும் ஆகலையே? இது பூரா வேஸ்ட்டு."

"எனக்கு இதுதாண்ணா வேணும்."

ஒரு கார்டைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இந்த மாதிரி நானும் பண்ணிருக்கேன். ஒம்போதைத் தொண்ணூத்தொம்போது ஆக்குனேன். அதை வெச்சே எங்க தெருப் பூரா ஜெயிச்சேன் தெரியுமா? ஒரு பயலும் கண்டுபுடிக்கல." அப்புறம் ரொம்ப நேரம் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வந்த ஆள் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

மார்ச் 3, ஞாயிறு

இருபத்து நான்காம் தேதி சங்கத்தின் கண்காட்சி. ஆளுக்கு ஒரு மேசை. முதல்முறை மேசை போடுகிறவர்களை அன்றே முழு உறுப்பினராக அறிவிப்பார்கள். எனக்கும் ஒரு மேசை. என் மேசை.

கார்டுகளை முன்கூட்டியே செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அவரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, கறுப்புத் துணி ஒட்டிய பலகையில் வரிசையாகப் பொருத்தித் தருவார். யாரையும் செய்ய விடமாட்டார். அது இங்கே வழக்கம்.

"என்ன கண்ணு, தீம் முடிவாச்சா?"

பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அழகாக இருந்தது. இங்கே வந்ததும் இவ்வளவுதான் வந்தது: "சின்னப் பசங்க வெச்சு வெளையாடுன கார்டு சார்."

அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "த்சு த்சு. எப்படி நாசம் பண்ணி வெச்சிருக்கானுக பாரு." ராசாத்தியின் சடையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சரி, உட்று. நான் பாத்துக்கறேன்."

"சரி சார்" என்றேன்.

மார்ச் 16, சனி

தண்டபாணி சார் வீட்டுக்கு வரச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் என் பலகைகளை வைத்து மேலே துண்டு போட்டு மூடியிருந்தார். "கண்ண மூடு" என்றார். மூடினேன். "ம், தொற."

கார்டுகள் வெள்ளையாக இருந்தன.

பென்சிலை ஓவியர்கள் வைத்திருக்கும் ரப்பரால் அழித்திருக்கிறார். பேனாவை, பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டு. ஓரங்களை பிளேடால் நேராக வெட்டியிருக்கிறார். "மூணு நாளு கண்ணு. ராத்திரி பகல்னு பாக்கல. இந்தா, இவளக் கேளு, என்ன திட்டுத் திட்டுனான்னு." அவருடைய மனைவி சமையலறையிலிருந்து சிரித்தார்.

164 மறுபடி 64 ஆகிவிட்டது. 88 இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. எண்ணோடு சேர்ந்து அச்சும் போய்விட்டது. ராசாத்தி ஐந்து கார்டுகளிலும் இல்லை. பெயர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தேய்ப்பு. சடை போனபோது தோளும் கொஞ்சம் போயிருக்கிறது.

"புதுசாட்டம் இருக்குதா இல்லியா?"

"இருக்குதுங்க சார்."

"சந்தோசந்தானே?"

"நன்றி சார்."

காபி கொடுத்தார்கள். குடித்தேன். காபி நல்லா இருக்குங்க என்றுகூடச் சொன்னேன்.

மார்ச் 17, ஞாயிறு

நன்றி சார். நன்றி சார். நன்றி சார்.

மார்ச் 18, திங்கள்

திருடன் எடுத்துப்போயிருந்தால் திருடன் என்று சொல்லலாம். இவர் முதுகு வலிக்க உட்கார்ந்து, ஆசையோடு, பஞ்சுக் குச்சியை மாற்றி மாற்றி, எனக்காகச் செய்திருக்கிறார். இதற்கு என்ன பெயர் சொல்லிக் கத்துவது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அழுக்கைத் துடைக்க யாராவது அனுமதி கேட்பார்களா?

ஷாநவாஸ் அண்ணனிடம் பலகைகளைக் காட்டினேன். "அடப்பாவமே" என்றார். பலகையை மேசை மேல் வைத்துவிட்டு, "ஆனா சிஸ்டர், பெரியவரு ஆசையா செஞ்சது. விட்டுருங்க. சண்டை எதுக்கு?" என்றார்.

வீட்டில் அப்பாவும் அதையே சொன்னார். "நல்லதுக்குத்தான பண்ணிருக்காரு பாப்பா."

"நல்லதுக்கு நல்லதுக்குன்னு எல்லாத்தையும் தொடச்சுட்டுப் போவாங்க, நாம கும்பிட்டுக்கிட்டே நிக்கோணுமா? உங்களுக்கு அப்படியே பழகிருச்சுப்பா!"

அப்பாவிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. அவர் கொல்லைப் பக்கம் போய்க் கை கழுவினார். ஏற்கெனவே கழுவிய கைதான்.

அம்மா தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு படத்துக்காடி இந்தக் கத்து?"

ஆமாம். படத்துக்குத்தான்.

மார்ச் 19, செவ்வாய்

டோக்கன் கூப்பிட்டேன். உள்ளே ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "யாரும்மா கத்துனது?"

"நான்தான் டாக்டர். பேரு கூப்புட்டேன்."

மார்ச் 22, வெள்ளி

அம்மா மாவு அரைக்கச் சொன்னார். அரைத்தேன். துணி துவைத்தேன். பிறகு வெள்ளை அட்டையைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒவ்வொரு கார்டுக்கும் கீழே வைக்க எழுதினேன். எதில் என்ன இருந்தது என்று எனக்கு மனப்பாடம். எந்த மை, எந்தப் பக்கம் சாய்ந்த எழுத்து, எல்லாம். அழித்தவர் பெயரை எழுதலாமா என்று வெகு நேரம் யோசித்தேன். எழுதவில்லை. அவர் வயதுக்காக அல்ல. என் மேசையில் அவர் பெயர் எதற்கு?

மார்ச் 24, ஞாயிறு

அப்பாதான் பலகைகளை டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். "மேல வரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்ப்பா, கூட்டமா இருக்கும்" என்றேன். வண்டியைக் கடை ஓரமாக நிறுத்திக்கொண்டு கீழேயே இருந்தார்.

கூட்டம் இல்லை. நான்தான் முதல் ஆள். அட்டைகளை அடுக்கி முடித்துவிட்டு மேசைக்குப் பின்னால் நின்றேன்.

பதினொரு மணிபோல் தண்டபாணி சார் சிறப்பு விருந்தினரை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தார். கோயம்புத்தூரில் பெரிய கலெக்‌ஷன் வைத்திருக்கும் ஒரு வயதானவர். என் மேசைக்கு வரும்போதே செயலாளர் குரல் உயர்ந்துவிட்டது.

"இது நம்ம அம்மிணி டேபிள். வந்தப்ப எல்லாம் ஒரே ஊத்தைக் கார்டுங்க. கிளீனிங் பூரா நானேதான். என் கையால."

"அட, பரவால்லியே" என்று விருந்தினர் குனிந்தார். "கீழ என்னமோ எழுதியிருக்குது. கண்ணாடி கொண்டாரல. நீங்களே கொஞ்சம் படிங்க."

தண்டபாணி சார் வங்கியில் ஆண்டறிக்கை படிக்கிற குரலில் படித்தார்.

"'இந்தக் கார்டில் 64-க்கு முன்னால் ஒரு ஒன்று இருந்தது. நீல மை. போட்டவர், தோற்க விரும்பாத ஒரு குழந்தை. இந்தக் கண்காட்சிக்காக அழிக்கப்பட்டது.'"

நிறுத்தினார். விருந்தினர், "ம், அடுத்தது" என்றார்.

"'இந்தக் கார்டில் 38 என்பது 88 ஆக இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. இந்தக் கண்காட்சிக்காக...'"

"அடுத்தது?"

அடுத்தது ராசாத்தி. அவர் வாய்க்குள் படித்தார். விருந்தினர் விடவில்லை. "சத்தமாப் படிங்க, காது வேற மந்தம் எனக்கு."

நான் படித்தேன். "'இந்த ஐந்து கார்டுகளில் கருங்கல்பாளையம் வெ. ராசாத்தி, ஆறாம் வகுப்பு ஆ பிரிவு, மட்டையாளராகவும் கீப்பராகவும் வேகப்பந்து வீச்சாளராகவும் ஆடினாள். இரண்டு கையாலும். இந்தக் கண்காட்சிக்காக அழிக்கப்பட்டாள்.'"

ஸ்கேன் சென்டரில் வந்த அதே குரல். கடைசி மேசையில் இருந்தவர்கள் வரை திரும்பிப் பார்த்தார்கள்.

"அட ராமா" என்றார் விருந்தினர். "இத எவன் அழிச்சான்?"

சுத்தம் செய்தது யார் என்று ஒரு நிமிடம் முன்னால்தான் தண்டபாணி சாரே அவர் காதருகே சொல்லியிருந்தார். அது நினைவு வந்ததும் விருந்தினர் மெல்ல அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்.

தண்டபாணி சாரின் முகம் சுருங்கிவிட்டது. நான் எதிர்பார்த்தது கோபம். அவர் கண் கலங்கியிருந்தது. "மூணு நாள் உக்காந்தனே அம்மிணி. எம் பேத்திக்குக்கூட அப்படி உக்காந்ததில்ல. இதுக்கா?"

அந்த நொடி எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"பழைய பேப்பர்க்காரன் பொண்ணுன்னு தெரிஞ்சுந்தான் சேத்துனேன். போனாப் போகுது, படிச்ச புள்ளைன்னு."

ஷாநவாஸ் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பல் டாக்டர் தன் மேசை விரிப்பைச் சரிசெய்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே. அப்பாவின் வண்டி எதிரே வரும்போது நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்ற நாளெல்லாம் தெரிந்திருக்கிறது.

"அந்தச் சீட்டையெல்லாம் எடு" என்றார் தண்டபாணி சார்.

"எடுக்க மாட்டேன் சார்."

"எடுக்கறியா, நான் எடுக்கட்டுமா?"

"நீங்க ஏற்கெனவே நெறைய எடுத்துட்டீங்க சார். இதத் தொடாதீங்க."

அவர் கை மேசை மேல் வந்தது, அங்கேயே நின்றது, பின் திரும்பிப் போனது. நான் மாடிப்படிக்கு வந்து, கீழே பார்த்துக் கூப்பிட்டேன். "அப்பா! மேல வாங்க!" தெருவில் போன இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். வேறு யாரும் கழற்றியிருக்கவில்லை. மேசை முன்னால் நின்று ஒவ்வொரு அட்டையாக எழுத்துக்கூட்டிப் படித்தார். யாரும் அவரை நகரச் சொல்லவில்லை. ராசாத்தியிடம் வந்ததும் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணிடம், "இந்தப் புள்ள ஊடு எனக்குத் தெரியுங்க. கிணத்துக்குப் பக்கத்துல, பச்சைக் கேட்டு" என்றார். பிறகு அங்கேயே நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலையில் புது உறுப்பினர்கள் பெயரை வாசித்தார்கள். ஒரே ஒரு பெயர். என்னுடையது இல்லை.

மார்ச் 26, செவ்வாய்

வேலை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருக்கும்போது தண்டபாணி சார் ஃபோன் செய்தார். குரல் பழையபடி ஆகியிருந்தது.

"கண்ணு, நானும் கோவத்துல ரெண்டு வார்த்தை பேசிட்டேன், நீயும் பேசிட்ட. உட்று. சங்கத்துல எல்லாரும் சங்கடப்படறாங்க. ஒரு சாரி மட்டும் சொல்லிடு. அடுத்த மாசமே முழு மெம்பர் பண்ணிடலாம்."

"சரிங்க சார்" என்றேன்.

"ம், சொல்லு."

"நீங்க சொல்லுங்க சார்."

"என்னது?"

"சாரி. நீங்க எனக்குச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் அவர் மனைவி யாரென்று கேட்பதும் கேட்டது. ஈரக் கையில் ஃபோன் வழுக்கியது, இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். நான் வைக்கவில்லை. வெகு நேரம் கழித்து அவர்தான் வைத்தார்.